கருவாட்டு உப்பா, ரத்த அழுத்தமா?

கேள்வி: மருமகளுக்கு எட்டாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது, இரண்டு நாளாகத் தலைவலி. கருவாட்டு உப்பால் இருக்குமா?
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: கருவாட்டின் மேல் பழியைப் போட்டு நாளைக் கடத்தாதீர்கள். வெறும் கால் வீக்கம் பலருக்கும் வருவதுதான். தலைவலியும் சேர்ந்தால் கதை வேறு: வலிப்பு வரை போகக்கூடிய கர்ப்பகால ரத்த அழுத்த நோயாக (ப்ரீ-எக்லாம்ப்சியா) இருக்கலாம். இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்த்துவிடுங்கள். 140/90 என்றாலே கவனம். 160/110 என்றால் அவசரம். கண் மங்கினாலோ, வலது மேல்வயிறு வலித்தாலோ 108-ஐ அழையுங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவமனை 40 கி.மீ.க்கு மேல் இருக்கிறது. அதனால் கிளம்பும் முன்பே வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட் ஊசியின் முதல் டோஸ் தேவையா என்று கேளுங்கள். வழியில் வலிப்பு வந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி கொடுப்பது வீண்வேலை; வாயில் எதையும் திணிப்பது ஆபத்து. பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் வரை இந்த ரத்த அழுத்த நோய் வரக்கூடும்.