நாள் முழுக்க ஓடும் வீட்டுக்கு ஓலெட் வேண்டாம்

பினாங்கு, பிறையில் டெரஸ் வீட்டில் இருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பழைய 43 அங்குல டிவி போய்விட்டது. தீபாவளிக்குள் 65 அங்குலத்தில் ஒன்று வாங்க வேண்டும், நாலாயிரம் வெள்ளிக்கு மேல் முடியாது. மகன் ஓலெட்தான் வேண்டும் என்று நிற்கிறான். கடைக்காரரோ கியூலெட்டும் ஓலெட்டும் ஒன்றுதான், பெயர்தான் வேறு என்கிறார். வீட்டில் மாமியார் காலையில் போட்டால் இரவு வரை தமிழ்ச் சேனல் ஓடிக்கொண்டே இருக்கும். மதியத்துக்கு மேல் ஹாலில் வெயில் அடிக்கும். "ஓலெட்டில் சேனல் முத்திரை அப்படியே திரையில் பதிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா? பயமாக இருக்கிறது" என்று கேட்கிறார்.

உண்மைதான். உங்கள் வீட்டுக்கு ஓலெட் வேண்டாம். மினி எல்.இ.டி. என்று ஒரு வகை இருக்கிறது, அதில் 65 அங்குலம் பாருங்கள். உங்கள் பணத்துக்குள் கிடைக்கும்.

முதலில் கடைக்காரர் சொன்னதைத் தீர்த்துவிடுவோம். கியூலெட்டும் ஓலெட்டும் ஒன்றல்ல. கியூலெட் என்பது சாம்சுங் 2017-ல் கொண்டுவந்த விற்பனைப் பெயர். இப்போது பல நிறுவனங்கள் அதே பெயரைப் போட்டுக்கொள்கின்றன. உள்ளே இருப்பது நாம் பல வருடமாகப் பார்க்கும் எல்.சி.டி. திரைதான். பின்னால் விளக்கு எரியும், முன்னால் இருக்கும் திரை ஜன்னல் திரைச்சீலை மாதிரி அந்த வெளிச்சத்தை விடும் அல்லது மறைக்கும். நடுவில் நிறத்தைத் துல்லியமாக்க ஒரு படலம் சேர்த்திருப்பார்கள், அதுதான் கியூலெட். ஓலெட்டில் பின்விளக்கே கிடையாது. திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது, கறுப்பு வேண்டிய இடத்தில் தானே அணைந்துவிடுகிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்த்தால் அதற்கு ஈடாக எதுவும் இல்லை. உங்கள் மகன் ஆசைப்படுவதில் தவறே இல்லை.

சிக்கல் அந்தப் புள்ளிகளில்தான் இருக்கிறது. எரிய எரிய அவை தேயும். திரை முழுவதும் ஒரே சீராகத் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு சேனலின் முத்திரை மேல் மூலையில் தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் எரிந்தால், அந்த இடம் மட்டும் முன்னதாகத் தேய்கிறது. செய்தி ஓடும் பட்டையும் அப்படித்தான். சில வருடங்களில் வேறு படம் பார்க்கும்போதும் அங்கே ஒரு நிழல் நிற்கும், போகாது. கனடாவில் ஆர்டிங்ஸ் என்ற சோதனைக்கூடம் 2022 இறுதியில் 100 டிவிகளை வரிசையாக நிறுத்தி, செய்திச் சேனலைப் போட்டு நாள்தோறும் ஓடவிட்டுப் பார்த்தது. ஓலெட் திரைகளில் இந்தப் பதிவு வந்தது. உங்கள் மாமியார் செய்வது ஏறக்குறைய அதே சோதனைதான். அவரைப் பார்க்காதே என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. வீட்டில் இருக்கிற பெரியவருக்கு அதுதான் துணை. டிவிதான் அவருக்குத் தோதாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, நம் வீடுகளில் இதைக் கவனிப்பவர் குறைவு. ஓலெட் டிவிக்குத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு. சில மணி நேரம் ஓடிய பிறகு ரிமோட்டில் அணைத்தால், திரை கறுப்பாக இருக்கும்போதே உள்ளே அது புள்ளிகளை அளந்து, தேய்மானத்தை ஈடுகட்டும். இதற்குச் சுவரில் மின்சாரம் இருக்க வேண்டும். நம்மவர்களோ படுக்கப் போகும் முன் சுவர் சுவிட்சையும் தட்டிவிட்டுத்தான் போவார்கள். மின்சாரச் செலவு, இடி மின்னல் என்று அதற்கு நியாயமான காரணமும் உண்டு. தினமும் அப்படி அணைத்தால் அந்த வேலை ஒருநாளும் நடக்காது. ஏற்கனவே ஓலெட் வாங்கிவிட்டவர்கள் ரிமோட்டில் அணைத்து, பத்து நிமிடமாவது விட்டு, அப்புறம் சுவிட்சை அணையுங்கள். மின்னல் வெட்டும்போது மட்டும் இந்தப் பத்து நிமிடத்துக்குக் காத்திருக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, ஆஸ்ட்ரோ டிஷ்ஷிலிருந்து வரும் கம்பியையும் கழற்றிவிடுங்கள். கம்பி வழியாக வரும் அதிர்ச்சியில் போகும் போர்டுகள் இங்கே ஏராளம்.

வெயில் விஷயம் சுருக்கமாக. திரை முழுக்க வெளிச்சமான காட்சி வரும்போது ஓலெட் தன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். மதிய வெயில் அடிக்கும் ஹாலில் அது மங்கலாகத் தெரியும். மினி எல்.இ.டி. அங்கே பளிச்சென்று இருக்கும். அதில் ஆயிரக்கணக்கான குட்டி விளக்குகள், பல நூறு மண்டலங்களாகப் பிரிந்து, காட்சிக்கு ஏற்பத் தனித்தனியாகக் கூடிக் குறையும். இதைத்தான் லோக்கல் டிம்மிங் என்பார்கள். கறுப்பும் ஓரளவு கறுப்பாகவே இருக்கும்.

ஒரே ஒரு நிலையில் ஓலெட் வாங்கச் சொல்வேன். மகனுக்குத் தனி அறை இருந்து, அவன் தன் சம்பாத்தியத்தில் வாங்கி, இரவில் படமும் தொடரும் மட்டும் பார்ப்பதாக இருந்தால் வாங்கட்டும். முத்திரை இல்லாத படங்கள், வகைவகையாக மாறும் காட்சிகள், திரை போட்ட ஜன்னல், ஒரு நாளைக்கு மூன்று நான்கு மணி நேரம். இப்படிப் பார்த்தால் பதிவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆனால் அந்த டிவி அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். ஹால் டிவி பழுதான ஒரு வாரத்துக்கு என்று வெளியே வந்து, பிறகு அங்கேயே தங்கிவிடும். மாமியார் அதில் சேனல் போடுவார், மகனும் ஒன்றும் சொல்ல மாட்டான். அதனால் வாங்குவதற்கு முன்பே இதைப் பேசி வையுங்கள். இரவில் மட்டும் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் பகலெல்லாம் செய்திச் சேனலை ஓடவிட்டுத் தூங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். மகன் அந்த வகையா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இனி கடை. உங்களுக்கு ஓலெட்டைவிடப் பெரிய ஆபத்து இங்கேதான்.

சட்டையில் பிராண்டு பெயர் போட்டுக்கொண்டு நிற்பவர் பெரும்பாலும் கடையின் ஆள் அல்ல, அந்த நிறுவனம் அனுப்பியவர். அவருக்கு மாத இலக்கு உண்டு. தன் பிராண்டைத் தாண்டி ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல மாட்டார். "மினி எல்.இ.டி. மாதிரிதான் அக்கா இதுவும்" என்று சாதாரண கியூலெட்டைத் தள்ளுவார். நீங்கள் கேட்க வேண்டியது ஒரு கேள்விதான்: "இதில் லோக்கல் டிம்மிங் இருக்கிறதா, எத்தனை மண்டலம்?" எண்ணைச் சொல்ல முடியாமல் 'டைனமிக் கான்ட்ராஸ்ட்' பத்து லட்சம் என்று பேச ஆரம்பித்தால் நகர்ந்துவிடுங்கள். அந்தப் பத்து லட்சத்துக்கு அர்த்தமே கிடையாது. கேட்ட பதிலை மாடல் எண்ணோடு ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரே வரிசையில் 55-க்கும் 65-க்கும் உள்ளே வேறு வேறு பேனல், அதாவது படம் தெரியும் திரைப் பகுதி, போடுவதுண்டு. இதைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட வைத்திருக்க வேண்டும். எத்தனை நட்சத்திர மின்சிக்கனம் என்று லேபிள் ஒட்ட வைக்கிறார்கள், நல்லது. ஆனால் பல நூறு வெள்ளி வித்தியாசத்தைத் தீர்மானிக்கிற பேனலைப் பற்றி வாங்குகிறவர் துப்பறிய வேண்டியிருக்கிறது. இது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மிக மெல்லியதாக, விளிம்பில் மட்டும் விளக்கு வைத்த எல்.சி.டி. வேண்டாம். சுவரில் அழகாக இருக்கும். ஆனால் வெப்பமெல்லாம் அந்த ஓரத்தில் சேரும். நான் மேலே சொன்ன அதே சோதனையில் இந்த வகையில் பல டிவிகள் திட்டுத் திட்டாக வெளுத்துப் போயின. நாள் முழுக்க ஓடும் வீட்டுக்கு இதுவும் ஆகாது.

கடையில் நேராக நின்று மட்டும் பார்க்காதீர்கள். அங்கே படம் பளபளவென்று தெரியும்படிதான் வைத்திருப்பார்கள். ஓரமாக நகர்ந்து, மாமியார் உட்காரும் நாற்காலி எந்தக் கோணத்தில் இருக்குமோ அங்கிருந்து பாருங்கள். முகம் வெளுத்துத் தெரிந்தால் அந்த டிவி உங்கள் வீட்டுக்குச் சரிவராது. ஆஸ்ட்ரோ சேனல் ஒன்றைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் ஓடவிட்டிருக்கும் பூவும் மீனும் எந்தத் திரையிலும் நன்றாகத்தான் இருக்கும். எச்.டி. இல்லாத சேனலைப் பெரிய திரையில் போட்டால் குறைகளும் சேர்ந்து பெரிதாகும், எனவே 75-க்குத் தாவ வேண்டாம். 65 அங்குலத்துக்குக் கண்ணிலிருந்து திரைக்கு ஏழிலிருந்து ஒன்பது அடி போதும். சோபா அதைவிடப் பின்னால் இருந்தால் முன்னே இழுங்கள், காசு செலவில்லை.

'ஏபி செட்' என்று நானூறு ஐந்நூறு வெள்ளி குறைத்து ஒருவர் போனில் பேசுவார். அது வேறு வழியில் இறக்கிய சரக்கு. இங்குள்ள நிறுவனம் அதற்கு உத்தரவாதம் தராது. பேனல் போனால் அதை மாற்றும் செலவு ஏறக்குறைய புது டிவி விலை. சிரிம் என்ற மலேசியத் தரச்சான்று முத்திரையும் மலேசிய உத்தரவாத அட்டையும் இல்லாததைத் தொடாதீர்கள். கூடுதல் உத்தரவாதம் என்று கடையில் தனியாக விற்பதற்கும் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். எது சேராது என்ற பகுதியை முதலில் படிக்கக் கேளுங்கள். படிக்க விடாமல் கையெழுத்து மட்டும் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நிறுவனமே தரும் உத்தரவாதத்திலும் சிலவற்றை இணையத்தில் பதிந்தால்தான் முழுக்காலமும் கிடைக்கும், அதை வாங்கிய அன்றே மகனிடம் சொல்லிப் பதிந்துவிடுங்கள்.

டிவி வரும் நாளில் கொண்டு வருபவர்கள் அவசரப்படுவார்கள், தீபாவளி சமயத்தில் இன்னும் அதிகம். பெட்டி படுத்த நிலையில் வந்திருந்தால் அதையே ரசீதில் எழுதுங்கள். அவர்கள் நிற்கும்போதே பிளக்கைச் செருகி, யூடியூப்பில் திரை முழுக்கச் சாம்பல் நிறம் காட்டும் காணொளி ஒன்றைப் போடுங்கள். விரிசல், கறுப்புப் புள்ளி, அழுக்குப் படிந்தது போன்ற பட்டை எல்லாம் அதில்தான் தெரியும். அதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

அப்படியும் கடை ஏமாற்றினால், 1999-ம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் ஐந்து வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று வருடத்துக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீது, அதில் எழுதி வாங்கிய மாடல் எண், மண்டல எண்ணிக்கை, டிவி வந்த நாளில் எடுத்த படங்கள் ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். கடையில் வாயால் சொன்னதை அங்கே நிரூபிப்பது கடினம்.