பிரைமர் ஆர்டர் போடும் முன்: வெட்டிடம் அமைப்பது பற்றிக் கேள்வி பதில்

(எல்லாக் கேள்விகளும் பெட்-28ஏ வெக்டார் பற்றியவை; அது நம் ஜீனை ஒட்டி பாக்டீரியாவில் புரதம் செய்ய வைக்கும் டிஎன்ஏ வளையம். பிரைமர் என்பது பிசிஆரில் ஜீனைப் பெருக்கத் தொடக்கம் தரும் குட்டி டிஎன்ஏ. வெட்டிடம் என்பது என்சைம் வெட்டும் எழுத்து வரிசை; எழுத்து என்றால் டிஎன்ஏ-வின் ஏ, டி, ஜி, சி.)

காலாப்பட்டு மாணவி: அக்கா, என்கோ1, எக்ஸ்ஹோ1 என்ற வெட்டும் என்சைம்கள் போட்டு குளோன் செய்தேன். புரதம் வருகிறது, ஆனால் நிக்கல் ரெசினில் ஒட்டவே மாட்டேன் என்கிறது.

என்கோ1-இல் வெட்டினால் முன்பக்க ஹிஸ் டேக் (நிக்கலில் ஒட்டும் ஹிஸ்டிடின் வால்) வெக்டாரிலிருந்து போய்விடும்மா. மிச்சம் பின்பக்க டேக்தான். ஜீனின் பின்முனைக்கான ரிவர்ஸ் பிரைமரில் ஸ்டாப் கோடானை (புரதம் முடிகிறது என்று சொல்லும் மூன்றெழுத்தை) விட்டு வைத்திருந்தால் ரைபோசோம் அங்கேயே இறங்கிவிடும், டேக் வரை போகாது. ஜீன் ஜிஜிடி-ஏஏஏ-டிஏஏ என்று முடிகிறதா? டிஏஏ-வை நீக்கி, ஏஏஏ-வை ஒட்டியே சிடிசி-ஜிஏஜி (எக்ஸ்ஹோ1 இடம்) வர வேண்டும். பிரைமரில் இடமிருந்து வலம்: கூடுதல் ஆறு எழுத்து, சிடிசிஜிஏஜி, பிறகு டிடிடிஏசிசி (ஜிஜிடி-ஏஏஏ-வின் எதிர் இழை)... ஜீனுக்கும் வெட்டிடத்துக்கும் நடுவே ஒரே ஒரு எழுத்து கூடினாலும் சட்டகம் (மூன்று மூன்றாகப் படிக்கும் வரிசை) நழுவி, டேக்கின் சிஏசி வரிசை சிசிஏ, சிசிஏ என்று படிக்கப்படும். ஹிஸ்டிடின் வர வேண்டிய இடத்தில் புரோலின் வந்து நிற்கும்.

இதையும் பாருங்கள்: என்கோ1 என்பது சிசிஏடிஜிஜி. ஏடிஜி-க்கு அடுத்த எழுத்து ஜி ஆகத்தான் இருக்க முடியும்; உங்கள் இரண்டாவது கோடான் வேறு எழுத்தில் தொடங்கினால் அந்த அமினோ அமிலமே மாறும். முன்பக்க டேக் இருந்தால் பரவாயில்லை என்றால் என்டிஇ1 (சிஏடிஏடிஜி) போடுங்கள். அதில் இந்தத் தொல்லை இல்லை.

பரங்கிப்பேட்டை ஆய்வு மாணவர்: ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவின் ஜீன். உள்ளேயே ஓர் எக்ஸ்ஹோ1 இடம் இருக்கிறது. என்ன செய்ய?

வெக்டாரை எக்ஸ்ஹோ1-இலேயே வெட்டுங்கள் தம்பி. பிரைமரில் மட்டும் சால்1 (ஜிடிசிஜிஏசி) வையுங்கள். இரண்டும் விடும் ஒட்டுமுனை (வெட்டியபின் நீட்டி நிற்கும் ஒற்றை இழை) டிசிஜிஏ, சட்டகமும் மாறாது. ஒட்டிய பிறகு அந்த இணைப்பை இரண்டு என்சைமும் வெட்டாது என்பதால் சரிபார்க்க வேறு என்சைம் தேவைப்படும். ஜிசி மிகுந்த ஜீனில் சால்1-உம் அடிக்கடி வரும், முதலில் தேடிப் பாருங்கள். அதுவும் இருந்தால் ஹின்ட்3: ஏஏஜி-சிடிடி என்ற சட்டகத்தில்.

சிதம்பரம் மாணவர்: பிசிஆர் துண்டை வெட்டி ஒட்டினேன். தட்டில் பாக்டீரியா காலனியே இல்லை அக்கா.

வெட்டிடத்துக்கு வெளியே எத்தனை எழுத்து விட்டீர்கள்? முனையில் பிடிமானம் இல்லாவிட்டால் என்சைம் வெட்டாது. ஆறு எழுத்து விடுங்கள். சில எழுத்து வித்தியாசம் ஜெல்லில் தெரியாது, அதனால் வெட்டாத துண்டும் வெட்டியது போலவே நிற்கும். டிஎம் (பிரைமரில் பாதி பிரியும் வெப்பநிலை) கணக்கு ஜீனோடு ஒட்டும் 18–22 எழுத்துக்கு மட்டும்.

கடலூர் மாணவி: லைகேஷனுக்கு (வெக்டாரையும் ஜீனையும் ஒட்டுவதற்கு) எவ்வளவு போடுவது?

மோல் கணக்கில் ஜீன், வெக்டார் 3:1. 5369 பேஸ் ஜோடி வெக்டார் 50 நானோகிராம் என்றால், 900 பேஸ் ஜோடி ஜீன் 25 நானோகிராம். ஜீன் சேர்க்காத குழாய் ஒன்றும் வையுங்கள். அதிலும் அதே அளவு காலனி வந்தால் வெக்டார் முழுதாக வெட்டுப்படவில்லை.