சூடு எங்கே போச்சு, டீச்சர்?

அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் பதில் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்கள் முக்கால்வாசி வெக்கையைப் பற்றித்தான். 31 வருஷம் பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ் நடத்தியவள் நான். மேற்கு மாம்பலத்தில் மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருக்கிறவளும்கூட. இதைப் பற்றிப் பேச இரண்டாவது தகுதிதான் பெரிது.

ஏ.சி. வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மதியமானால் என் மாமனார் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்து எதிரே ஈஸி சேரில் உட்கார்ந்துகொள்கிறார். இதனால் அறை குளிருமா டீச்சர்? (வாசகி, குரோம்பேட்டை)

மாமனாரின் முழங்கால் குளிரும். அறை சூடாகும்.

ஃபிரிட்ஜ் குளிரைத் தயாரிப்பதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். பின்னாலிருக்கும் கறுப்புக் கம்பிவலையைத் தொட்டுப் பாருங்கள். புது மாடலாக இருந்தால் பக்கவாட்டுத் தகடு சுடும். அள்ளிக் கொட்டுவதற்கு கம்ப்ரஸர் ஓட வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரமும் கடைசியில் வெப்பமாகி அதே வழியாக அறைக்குள்தான் வரும். கதவு மூடியிருந்தால் கம்ப்ரஸர் நடுநடுவே ஓய்வெடுக்கும். திறந்திருந்தால் ஓயாமல் ஓடும். முன்பக்கம் எடுத்ததைப் பின்பக்கம் கொடுத்து, மேற்கொண்டு மின்சாரத்தின் பங்கையும் சேர்த்துக் கொடுக்கும்.

இதை ஒருமுறை பள்ளி லேபில் செய்து பார்த்தோம். ஒரு சனிக்கிழமை, ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, பழைய ஃபிரிட்ஜைத் திறந்து வைத்து, நான்கு மூலையிலும் தெர்மாமீட்டர் தொங்கவிட்டோம். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை டிகிரி ஏறியது. எனக்கு ஒரே பெருமை. அப்போது பின் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "மிஸ், உள்ளே நாம ஆறு பேர் இருந்தோமே, அந்தச் சூடு?" என்றாள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடுகிறார். ஆறு பேருக்கு 600. ஃபிரிட்ஜ் வாங்குவதோ நூறு, நூற்றைம்பது வாட். அறையைச் சூடேற்றியது பெரும்பாலும் நாங்கள்தான்! அடுத்த சனிக்கிழமை ஆளே இல்லாமல் பூட்டிவிட்டுச் செய்தோம். அப்போதும் ஏறியது, ஆனால் அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல். அந்தப் பெண்ணுக்குப் பிராக்டிகலில் முழு மார்க் போட்டேன்.

மாமனாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் கரண்ட் பில்லைக் காட்டுங்கள்.

ஒன்றரை டன் ஏ.சி. என்கிறார்களே, இரண்டு ஆள் தூக்கி மாட்டிவிட்டுப் போனார்கள். எந்த டன்? (வாசகர், திருவல்லிக்கேணி)

உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே விடை இருக்கிறது. ஐஸ் ஹவுஸ்! இன்று விவேகானந்தர் இல்லம் என்கிறோமே, கடற்கரைச் சாலையில் வட்டமான முகப்போடு நிற்கும் அந்தக் கட்டடம், 1842-இல் ஃபிரெடெரிக் டூடர் என்ற அமெரிக்க வியாபாரியின் ஐஸைச் சேமித்து வைக்கக் கட்டியது. மாசசூசெட்ஸ் பக்கத்து ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்ததும் ஐஸைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூள் போட்டுப் பொதிந்து, கப்பலில் ஏற்றி அனுப்புவார்கள். மாதக்கணக்கில் கடலில் வந்தும் கணிசமான அளவு கரையாமல் மெட்ராஸ் வந்து சேர்ந்தது.

எப்படிக் கரையாமல் வந்தது என்றுதானே கேட்பீர்கள்? மரத்தூளுக்கு நடுவே சிக்கிய காற்று அசையாது. அசையாத காற்று வெப்பத்தை லேசில் கடத்தாது. அதோடு ஐஸ் ஒரு பிடிவாதமான பொருள். ஒரு கிலோ ஐஸ் கரைந்து தண்ணீராவதற்கு மட்டும் 334 கிலோ ஜூல் வேண்டும் (ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு; நொடிக்கு ஒரு ஜூல் என்றால் ஒரு வாட்). கரைந்த பிறகு அதே தண்ணீரை 0-விலிருந்து 80 டிகிரி வரை சுட வைக்க ஆகும் வெப்பம் அது. அத்தனையும் விழுங்கி முடிக்கும் வரை ஐஸ் 0 டிகிரியைத் தாண்டாது.

இப்போது உங்கள் டன்னுக்கு வருகிறேன். குளிர்பதன இயந்திரம் வந்த காலத்தில், இது எவ்வளவு ஐஸுக்குச் சமம் என்று சொன்னால்தான் வியாபாரிக்குப் புரியும். ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் கரையும்போது எவ்வளவு வெப்பத்தை வாங்கிக்கொள்ளுமோ அந்த வேகம்தான் ஒரு டன். இது அமெரிக்க டன், 2,000 பவுண்டு, நம் கணக்கில் 907 கிலோ. வாட்டில் சொன்னால் சுமார் 3,500. உங்கள் ஒன்றரை டன் ஏ.சி. முழு மூச்சில் ஓடினால் நொடிக்கு 5,300 ஜூல் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும்.

இதில் கெட்டிக்கார வாசகர் ஒருவர் மடக்குவார்: அது வாங்கும் மின்சாரம் 1,500 வாட்தானே, 5,300 எப்படி வந்தது, ஆற்றல் அழிவின்மை விதி என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. ஏ.சி. வெப்பத்தை உண்டாக்கவில்லை, இடம் மாற்றுகிறது. மூட்டை தூக்குபவர் வாங்கும் கூலியும் மூட்டைக்குள் இருக்கும் சரக்கின் விலையும் ஒன்றாகவா இருக்கும்? வெளி யூனிட்டிடம் கேட்டால் கணக்கு நேராகிவிடும். 5,300-உம் 1,500-உம் சேர்ந்து 6,800 வாட் வெளியே வருகிறது. எங்கள் சந்தில் அது பக்கத்து வீட்டு அடுப்படி ஜன்னலுக்கு நேராக வருகிறது. அந்த வீட்டு மாமி என்னோடு பேசி இரண்டு மாதம் ஆகிறது.

வெளியே போகும்போது ஃபேனை ஓட விட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது அறை குளிர்ந்திருக்கும்தானே? (வாசகர், அரும்பாக்கம்)

இருக்காது. 75 வாட் ஃபேன் என்றால் அறையை 75 வாட் சூடேற்றிக்கொண்டிருக்கும். ஃபேன் காற்றைக் குளிர வைப்பதில்லை, உங்கள் வியர்வையைக் காய வைக்கிறது. வியர்க்க ஆள் இல்லையென்றால் அணைத்துவிட்டுப் போங்கள்.

வேலூரில் இருந்தபோது மண்பானைத் தண்ணீர் பல் கூசும். அதே பானையை மடிப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தேன். பேருக்குத்தான் குளிர்கிறது. பானை கெட்டுவிட்டதா? (வாசகி, மடிப்பாக்கம்)

பானை பாவம், அதன் மேல் குற்றமில்லை. பானையின் நுண்துளை வழியே தண்ணீர் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஆவியாக ஒரு கிராமுக்குச் சுமார் 2,400 ஜூல் வேண்டும். அதை உள்ளே இருக்கும் தண்ணீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது, அதனால் தண்ணீர் குளிர்கிறது. ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவி எங்கே போகும்?

இதற்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று ஓர் எல்லை உண்டு. பானை எவ்வளவு முயன்றாலும் அதற்குக் கீழே போகாது. வேலூர் மதியம் 41 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்று வையுங்கள்: எல்லை சுமார் 23. சென்னையில் கடல்காற்று வந்தபின் 36 டிகிரி, 60 சதவீதம்: எல்லை 29. வெயில் ஐந்து டிகிரி குறைவு, பானைத் தண்ணீர் ஆறு டிகிரி அதிகம். வேலூர் வெயில் சுட்டெரிக்கும், சென்னை வெயில் புழுக்கும் என்று நாம் சொல்வதும் இதைத்தான்; வியர்வைக்கும் இதே எல்லைதான். பானையை ஈர மணல் மேல், காற்று வரும் ஜன்னலோரம் வையுங்கள். பெயின்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள், துளை அடைந்துவிடும்.

காபியை உயரத் தூக்கி ஆற்றுகிறோமே, விழுகிற வேகத்தில் அது சூடாக வேண்டாமா? ஆற்றல் அழியாது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதே! (9-ஆம் வகுப்பு மாணவர், பெரம்பூர்)

கண்ணா, இந்த மாதத்தின் மிக நல்ல கேள்வி உன்னுடையதுதான். ஆமாம், சூடாகத்தான் செய்கிறது.

இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜூல் என்று ஒருவர் இருந்தார். பீர் காய்ச்சும் குடும்பம். 1840-களில் ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் துடுப்புச் சக்கரம் வைத்து, கயிற்றில் எடையைக் கட்டி இறங்கவிட்டு, சக்கரம் சுழன்று தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று அளந்தார். இன்றைய அளவில், ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4,186 ஜூல் வேண்டும். அதாவது அந்த ஒரு கிலோவை 427 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட வேண்டும்! 1847-இல் தேனிலவுக்கு ஆல்ப்ஸ் மலைக்குப் போனவர் கையில் தெர்மாமீட்டரோடு அருவிப் பக்கம் திரிந்தார் என்று அவருடைய நண்பர் தாம்சன் (பிற்காலக் கெல்வின் பிரபு) பல வருஷம் கழித்துச் சொல்லியிருக்கிறார். புது மனைவி என்ன சொன்னார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நம் ஊர் ஜோக் அருவியின் உயரம் 253 மீட்டர். அங்கே போனாலும் அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல்தான் தேறும்.

உன் அம்மா ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஆற்றினால் காபி 0.0023 டிகிரி சூடாகும். அதே நேரத்தில் ஆவியும் பறக்கிறது. 150 மில்லி காபியில் ஒன்றரை கிராம், நூற்றில் ஒரு பங்கு, ஆவியாகிப் போனாலே ஐந்தாறு டிகிரி இறங்கிவிடும். வரவு பைசாவில், செலவு ரூபாயில். தூக்கி ஆற்றும்போது காபி மெல்லிய திரையாக விரிகிறது, நுரைக்கிறது, காற்றுபடும் பரப்பு கூடுகிறது. சூடு போவது அந்த வழியாகத்தான்.

மாடி வீட்டில் ராத்திரி பத்து மணிக்குத்தான் கூரை அதிகமாகக் கொதிக்கிறது. சூரியன் போய் மூன்று மணி நேரம் ஆகியும் ஏன்? (நிறையப் பேர்)

என் வயிற்றெரிச்சலும் இதுதான். ஐந்து அங்குல கான்கிரீட் தளம், பத்துக்குப் பத்து அறைக்கு மட்டுமே கிட்டத்தட்ட மூன்று டன் எடை. அது 10 டிகிரி சூடேறினால் உள்ளே தங்கும் வெப்பம் சுமார் 7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். மத்தியான வெயில் மேலே விழுந்து, கான்கிரீட்டுக்குள் ஊர்ந்து, உள்பக்கம் வந்துசேரச் சில மணி நேரம் பிடிக்கிறது. நாம் பாய் விரிக்கும் நேரமும் அது வந்துசேரும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டது.

மாலையில் தண்ணீர் தெளிப்பது வீணா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஒரு லிட்டர் ஆவியானால் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக எடுத்துப் போகும். பத்து லிட்டர் முழுதாக ஆவியானால் அந்த 7 யூனிட்டும் ஏறக்குறையச் சரியாகிவிடும். ஆனால் குடம் குடமாகக் கொட்டினால் முக்கால்வாசி குழாய் வழியே ஓடிவிடும். ஓடிய தண்ணீர் பெரிதாக எதையும் எடுத்துப் போவதில்லை. கோணியை நனைத்து விரியுங்கள். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்த ஊர் இது, பார்த்துச் செலவழியுங்கள். அதைவிட நல்லது வெயிலை உள்ளே விடாமலிருப்பது: வெள்ளைப் பூச்சு. வீட்டுக்காரரிடம் இரண்டு வருஷம் கேட்டுப் பார்த்துவிட்டு, போன தை மாதம் நானே அடித்துவிட்டேன். இப்போது ராத்திரி கூரையில் கை வைக்க முடிகிறது.

மோட்டாரையும் டைனமோவையும் பெல்ட் போட்டு, நடுவில் கனமான சக்கரம் வைத்து, எரிபொருளே இல்லாமல் கரண்ட் எடுக்கும் செட்டை 40,000 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். ஓடுவதைக் கண்ணால் பார்த்தேன். என் லேத் பட்டறைக்கு வாங்கலாமா? (வாசகர், அம்பத்தூர்)

வாங்காதீர்கள். மோட்டாருக்கு 1,000 வாட் கொடுத்தால் தண்டில் 800 கிடைக்கும், பெல்ட்டில் 40 போகும், டைனமோவிலிருந்து 600 வந்தால் பெரிது. மீதி 400 எங்கே என்று கேட்டால், மோட்டார் உடம்பைத் தொட்டுப் பாருங்கள், சுடும். கனச் சக்கரம் கொடுத்ததைக் கொஞ்ச நேரம் சேர்த்து வைக்கும், புதிதாக எதையும் தராது. பாஸ்கராச்சாரியரே 12-ஆம் நூற்றாண்டில் பாதரசம் அடைத்த ஆரக்கால்களோடு தானே சுழலும் சக்கரம் ஒன்றை எழுதி வைத்தார். அவ்வளவு பெரிய கணித மேதைக்கும் அந்த ஆசை விடவில்லை. இப்படிப்பட்ட இயந்திரங்களை இனிப் பரிசீலிக்கவே மாட்டோம் என்று பிரெஞ்சு அறிவியல் அகாடமி 1775-இலேயே கதவைச் சாத்திவிட்டது.

கண்ணால் பார்த்தது பொய்யில்லை, ஓடியிருக்கும். மேஜைக்கு அடியில் பேட்டரி இருந்ததா என்று குனிந்து பார்த்தீர்களா? அந்தச் செட்டை உங்கள் பட்டறைத் தரையில், நாலு பக்கமும் தெரிகிற மாதிரி வைத்து, உங்கள் லேத்தை மாட்டி, மூன்று நாள் விடாமல் ஓட்டச் சொல்லுங்கள். மூன்றாம் நாளும் ஓடினால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள், ரயிலேறி வருகிறேன்.