இஸ்டேரிங்

வணக்கம் ஐயா. எம்.ஏ. ஆங்கிலம் முதலாண்டு படிக்கிறேன். ஒலியியல் தாளுக்காக ஆங்கிலத்தின் 44 ஒலிகளையும் குறியீடுகளோடு மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் யூடியூபில் யாரும் அப்படிப் பேசக் காணோம். பிரிட்டிஷ் உச்சரிப்பைப் பழகுவதா, அமெரிக்க உச்சரிப்பையா? எந்த அகராதி நல்லது? எந்த ஊர்ச் சாயலும் இல்லாத பொது ஆங்கிலம் பேச முடியுமா? என் அப்பா லாரி டிரைவர். அவர் 'இஸ்டேரிங்', 'இஸ்பேனர்' என்னும்போது, இதையெல்லாம் படித்த பிறகு, நண்பர்கள் முன்னால் கூச்சமாக இருக்கிறது.

*

அன்புள்ள தம்பி,

அகராதி எதுவானாலும் சரி, நூலகத்தில் இருப்பதை எடுங்கள். பிரிட்டிஷா அமெரிக்கனா என்பதைப் பாடத்திட்டம் பார்த்துக்கொள்ளும்.

சாயல் இல்லாத ஆங்கிலம் என்று ஒன்று கிடையாது. நீங்கள் உருப்போட்ட பட்டியலின் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? டேனியல் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய ஒலியியலாளர் 1917-இல் உச்சரிப்பு அகராதி போட்டார். தென் இங்கிலாந்தில், பெரிய உறைவிடப் பள்ளிகளில் படித்த ஆண்களின் வீடுகளில் பேசுவதைத்தான் பதிகிறேன் என்று அவரே எழுதினார். அதுவும் ஒரு வட்டாரப் பேச்சுதான், பணக்கார வட்டாரம்.

1962-இல் வில்லியம் லபோவ் என்ற அமெரிக்க மொழியியலாளர் நியூயார்க்கில் மூன்று பெரிய கடைகளுக்குள் போய், நாலாவது மாடியில் கிடைக்கும் பொருள் ஒன்றைச் சொல்லி எங்கே என்று விசாரித்தார். கடை ஊழியர்கள் 'ஃபோர்த் ஃப்ளோர்' என்றார்கள். காதில் விழாதவர்போல மறுபடி கேட்டார். பிறகு ஓரமாக ஒதுங்கி, 'ர்' ஒலித்ததா என்று குறித்துக்கொண்டார். விலை உசத்தியான கடையில் 62 சதவீதம் பேர் அதை ஓரளவாவது ஒலித்தார்கள். மலிவுக் கடையில் ஐந்தில் ஒருவர்தான். அதே 'ர்'ரை லண்டனில் அழுத்திச் சொன்னால் தென்மேற்கிலிருந்து வந்த பட்டிக்காட்டான் என்பார்கள்.

இதோடு முடித்திருப்பேன். உங்கள் கடைசி வரி விடவில்லை.

கல்லூரியில் முதல் வாரம் என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார்கள். 'இஸ்டேஷன்' என்றேன். ஆசிரியர் மூன்று தடவை சொல்லவைத்தார், மூன்று தடவையும் வகுப்பு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த வருடம் ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மாவைத் திருத்தினேன். 'இஸ்டவ்' என்றால், 'இ' கிடையாதும்மா என்பேன். கொஞ்ச நாளில் அவள் அந்தச் சொல்லையே விட்டுவிட்டு, 'அடுப்பு' என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தாள். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

ராமனை இராமன் என்றும் லட்சுமணனை இலக்குவன் என்றும் எழுதினால் அந்த 'இ'க்கு நன்னூலில் விதி இருக்கிறது. உங்கள் அப்பா போட்டால் மட்டும் கூச்சமா? ஸ்பானியர்கள் பள்ளியை 'எஸ்குவேலா' என்கிறார்கள். லத்தீன் சொல்லுக்கு முன்னால் அவர்களும் ஓர் உயிரெழுத்தைப் போட்டுக்கொண்டவர்கள்தான். ஆங்கிலேயர் மட்டும் என்ன? சைக்காலஜிக்குக் கிரேக்கத்தில் முதலில் ஒரு 'ப்' உண்டு. எழுத்தில் இன்றும் நிற்கிறது, வாயில் வராது. முழங்காலைக் குறிக்கும் ஆங்கில 'நீ'யில் (knee) ஒரு காலத்தில் 'க்' ஒலித்தது, அதையும் விழுங்கிவிட்டார்கள். அவர்களுக்கு நாக்கு புரளாவிட்டால் ஒலியைக் கீழே தள்ளிவிடுகிறார்கள். உங்கள் அப்பா எதையும் தள்ளவில்லை, ஓர் 'இ'யைப் பலகையாகப் போட்டு எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்கிறார்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? இஸ்டேரிங் என்கிறவர் 'இப்ரேக்' என்று ஒருநாளும் சொல்லமாட்டார். பிரேக்கு, கிளச்சு, டிரைவர் என்பார். 'ஸ்' வந்து பின்னால் வல்லினம் வந்தால் உயிர் முன்னால் போகிறது. வல்லினம் வந்து பின்னால் ர, ல வந்தால் உயிர் நடுவில் நுழைகிறது. யாரும் சொல்லித்தரவில்லை, ஆனால் மாறிப்போவதில்லை. 44 குறியீடு படித்த காதுக்கு இது கேட்கவில்லை, நண்பர்கள் சிரிப்பார்களே என்பது மட்டும் கேட்டிருக்கிறது!

அடுத்த லீவில் அப்பாவோடு லாரியில் ஒரு நடை போய்வாருங்கள். திருத்த வேண்டாம். 'ஸ்லோ' என்பதை அவர் எப்படிச் சொல்கிறார், 'இஸ்லோ'வா, 'சிலோ'வா? 'ஸ்'ஸுக்குப் பின் 'ல' வந்தால் உயிர் எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரிய வேண்டும். அம்மாவிடம் கேட்டிருக்கலாம், இப்போது அவள் இல்லை. கேட்டு எழுதுங்கள்.