கேள்வி நேரம்: வெள்ளைக்கல்லுக்கு எவ்வளவு அமிலம்?

கேள்வி: 4.2 கிராம் மேக்னசைட் முழுதும் கரைய 0.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் எத்தனை மி.லி. வேண்டும்? எனக்கு 100 வருகிறது. விடையில் 200 என்றிருக்கிறது. எது சரி?
– பிளஸ் ஒன் மாணவி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: 200தான். மேக்னசைட் எனும் நம்மூர் வெள்ளைக்கல்லைச் சுத்தமான மெக்னீசியம் கார்பனேட் என்றே வைத்துக்கொள்வோம் (சுரங்கத்துக் கல் அப்படி இருக்காது, அது வேறு கணக்கு). மோலார் நிறை 84, ஆக 4.2 கிராம் என்பது 0.05 மோல். இதுவரை சரியாக வந்து, அடுத்த படியில் சறுக்கியிருக்கிறீர்கள். விளைபொருளான மெக்னீசியம் குளோரைடில் குளோரின் இரண்டு. எனவே ஒரு மோல் கல்லுக்கு இரண்டு மோல் அமிலம். 0.05 மோல் கல்லுக்கு 0.1 மோல். 0.5 மோலார் என்றால் லிட்டருக்கு 0.5 மோல், ஆக 0.1 மோலை 0.5ஆல் வகுத்தால் 0.2 லிட்டர். 100 மி.லி.யோடு நிறுத்தினால் 2.1 கிராம் கல் அடியில் அப்படியே கிடக்கும். சமன்பாட்டைச் சமன்செய்யாமல் மோல் கணக்கில் இறங்கவே கூடாது.

இந்த அமிலத்தை ஆய்வகத்தில் தயாரிப்பதென்றால், 250 மி.லி.க்கு 12 மோலார் அடர் அமிலம் 10.4 மி.லி. போதும். அளவுக்குடுவையில் முதலில் 150 மி.லி. வாலைவடிநீர், அதில் அமிலத்தை மெல்ல ஊற்றுங்கள். மாற்றிச் செய்தால் சூடேறித் தெறிக்கும். ஆறியபின் கோடுவரை நீர் நிரப்புங்கள். 250 மி.லி. நீரை அளந்து அதன் மேல் அமிலம் சேர்ப்பவர்கள் உண்டு, செறிவு 0.48க்கு இறங்கிவிடும்.

கல்லைத் துண்டாகப் போட்டுவிட்டு நுரைக்கவில்லையே என்று மேலும் அமிலம் ஊற்றாதீர்கள். சுண்ணாம்புக்கல்லைப் போலன்றி, மேக்னசைட் குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் உடனே பொங்காது. பொடித்து, இளஞ்சூடு காட்டினால் பொங்கும்.