தக்ளி தெரிந்த அம்மாவுக்குப் பனிக்கால சனி ஞாயிறு

கேள்வி சுருக்கமாக: அம்மா சூப்பர் விசாவில் (கனடாவில் உள்ள பிள்ளைகளோடு பெற்றோர் நீண்ட காலம் தங்க உதவும் விசா) வந்திருக்கிறார், டொராண்டோவில் முதல் பனிக்காலம், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார். ஸ்வெட்டர் பின்னத் தெரியும், பள்ளியில் தக்ளி (பஞ்சை நூலாக்கும் சின்னக் கதிர்) சுற்றியவர். 7, 10 வயதுப் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து வார இறுதியில் எதைத் தொடங்கலாம்?

மஃப்ளரைத் தொடங்க விடாதீர்கள். ஊரிலிருந்து வருகிற அம்மாக்களின் கை முதலில் அதற்குத்தான் போகும். சறுக்கு மரத்தில் மாட்டிக் கழுத்தை இறுக்கும் என்று இங்கே பல டேகேர்களில் நீள மஃப்ளரையும் கயிறு வைத்த கையுறையையும் வேண்டாம் என்பார்கள். தலைவழியே மாட்டுகிற நெக் வார்மர்தான் சரி.

அதற்கு லேபிளில் 4 என்ற எண் போட்ட கம்பளி நூல் 100 கிராம் தாராளம். ‘சூப்பர்வாஷ்’ (மெஷினில் துவைத்தாலும் சுருங்காதபடி பதப்படுத்தியது) என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மெஷினில் போட்ட முதல் சலவையிலேயே பொம்மைச் சட்டை அளவுக்குச் சுருங்கிவிடும். 5 மி.மீ. கனம், 40 செ.மீ. நீளமுள்ள வட்ட ஊசி (வளையும் வடத்தால் இணைத்த இரண்டு ஊசி), மூங்கிலில். உலோக ஊசியில் பிள்ளைகளுக்குக் கண்ணி வழுக்கி விழும். 84 கண்ணி போட்டு, 2 நிட் (நேர்க் கண்ணி), 2 பர்ல் (எதிர்க் கண்ணி) என்று 20 செ.மீ. உயரம் வரை சுற்றிச் சுற்றிப் போகலாம். வட்டமாக இணைக்கும்போது எல்லாக் கண்ணியும் ஒரே பக்கம் பார்க்கிறதா என்று ஒருமுறை தடவிப் பாருங்கள். ஒரு இடத்தில் திருகியிருந்தாலும் அவிழ்ப்பதைத் தவிர வழியில்லை. கடைசி வரிசையை இறுக்கி முடித்தால் தலை நுழையாது. அதற்கு மட்டும் 6 மி.மீ. ஊசி எடுக்கலாம். டிசம்பரில் 5 மணிக்குள் இருட்டிவிடும், அதனால் கறுப்பு, கருநீல நூல் வேண்டாம்.

நூற்பில்தான் சுவாரசியம் அதிகம். தக்ளி பழகிய கைக்குச் சுழற்றுவது சட்டென்று வந்துவிடும், சிக்கலெல்லாம் கம்பளியிலிருந்து இழையை இழுப்பதில்தான். பருத்தி இழை 3 செ.மீ.தான் இருக்கும், அதனால் இரண்டு கையும் நெருங்கியே நிற்கும். காரிடேல் ஆட்டுக் கம்பளியின் இழை 8 முதல் 10 செ.மீ. வரை. கையை நெருக்கி வைத்தால் ஒரே இழையின் இரு முனையையும் பிடித்து இழுத்தது போலத்தான், எவ்வளவு பலம் போட்டாலும் அசையாது. முக்கால் சாண் இடைவெளி விட்டால் வெண்ணெய் போல வரும். முறுக்கும் பருத்திக்குப் போடுகிற அளவு வேண்டாம். நூற்றதில் ஒரு முழத்தைத் தளர்த்தி மடித்துப் பாருங்கள்: மெதுவாகத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டால் சரி, குட்டிக் குட்டி முடிச்சாகச் சுருண்டால் முறுக்கு மிஞ்சிவிட்டது.

முதல் தடவைக்கு மெரினோ (இன்னொரு ஆட்டினத்தின் கம்பளி) வேண்டாம், வழுக்கும். காரிடேல் ரோவிங் (நூற்பதற்குச் சீவித் திரித்து வைத்த கம்பளி) 100 கிராமும் 40 கிராம் எடையில் ஒரு ட்ராப் ஸ்பிண்டிலும் (தொங்கவிட்டு நூற்கும் கதிர்) போதும். தக்ளி போலத் தரையில் ஊன்றாது, அந்தரத்தில் தொங்கும். நூல் அறுந்தால் மரத்தரையில் டொக்கென்று விழும். அடுக்குமாடியில் கீழ்வீட்டார் முகத்தை நினைத்து ஒரு ஜமுக்காளம் விரித்துவிடுங்கள். கடிகாரத் திசையில் சுழற்றி, ஸ்பிண்டிலை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி நிறுத்திவிட்டு, ஏறிய முறுக்கு தீரும்வரை இழுக்க வேண்டும். சுழற்றுவது 7 வயதுக்காரருக்கு, இழுப்பது பாட்டிக்கு. 10 வயதுக்கு ஒரு வாரத்தில் இரண்டும் வரும். இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கும்போது எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். அதே திசையில் சுற்றினால் நூல் கம்பியாகிவிடும்.

ஹீட்டர் ஓடுகிற வீட்டில் காற்று வறண்டு கம்பளி கையில் ஒட்டிக்கொண்டு பறக்கும். ஹ்யூமிடிஃபையரை 30–40 சதவீதத்தில் வையுங்கள், அல்லது கையை லேசாக நனைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நூற்ற சிட்டத்தை (நூல் கற்றையை) வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து, கசக்காமல் துண்டில் அமுக்கித் தொங்கவிட வேண்டும். சூடும் கசக்கலும் சேர்ந்தால் கம்பளி கட்டியாகிவிடும்.

அந்த நூலை நெக் வார்மரில் ஓரமாகச் சேர்க்கலாமே என்று ஆசை வரும். அது சூப்பர்வாஷ் இல்லை, மெஷினில் போட்டால் அந்த ஓரம் மட்டும் சுருங்கி இழுத்துக்கொள்ளும். முதல் நூலில் தம்ளருக்கு அடியில் வைக்கிற சின்ன விரிப்பு பின்னச் சொல்லுங்கள்.