பேப் ரூத்தா, வில்லி மேஸா, ஒஹ்டானியா?

கேள்வி: பேஸ்பால் வரலாற்றிலேயே தலைசிறந்த ஆட்டக்காரர் யார்? சுற்றி வளைக்காமல் ஒரு பெயர் சொல்லுங்கள்.

பதில்: வில்லி மேஸ். மட்டையை மட்டும் கணக்கில் எடுத்தால் பேப் ரூத்துக்குப் பக்கத்தில் மேஸ் நிற்க முடியாது. ஆனால் பேஸ்பாலில் மட்டை பாதிதான். 1956 முதல் 1959 வரை நான்கு ஆண்டுகளும் நேஷனல் லீக்கில் (அமெரிக்க மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்று) அதிக பேஸ்களைத் திருடியவர், அதாவது பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடி எட்டியவர், மேஸ். ஹோம் ரன்னிலும் (ஒரே அடியில் நான்கு பேஸையும் சுற்றிவருவது) நான்கு பருவங்களில் முதலிடம். சென்டர் ஃபீல்ட் என்பது மைதானத்திலேயே அதிகம் ஓட வேண்டிய இடம்; அங்கே நின்று 1957 தொடங்கி 1968 வரை தொடர்ந்து 12 கோல்டு கிளவ் (சிறந்த ஃபீல்டர்) விருதுகள். மொத்தம் 660 ஹோம் ரன். இடையில் 1952-ன் பெரும்பகுதியும் 1953 முழுவதும் ராணுவத்தில் கழிந்தது. அந்த இரண்டு பருவங்களும் கையில் இருந்திருந்தால் ரூத்தின் 714-ஐ அவர் எட்டிப் பிடித்திருக்கக்கூடும்.

கேள்வி: பேட்டிங் சராசரியை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடலாமே? யாருடையது அதிகமோ அவர்தானே பெரிய ஆள்?

பதில்: அதில் இரண்டு ஓட்டைகள். முதலாவது, ஒரு பேஸ் மட்டும் ஓடிய அடிக்கும் ஹோம் ரன்னுக்கும் அதில் ஒரே மதிப்பு. இரண்டாவது, பிட்சர் (பந்து வீசுபவர்) நான்கு பந்துகளைத் தப்பாக வீசியதால் கிடைக்கும் ‘வாக்’ அந்தக் கணக்குக்குள்ளேயே வராது. பேட்டர் அவுட் ஆகாமல் பேஸுக்குப் போய்விட்டார், அணிக்கு லாபம்; சராசரிக்கு அது தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2004-ல் பேரி பாண்ட்ஸ் 373 அட்-பேட்டில் (வாக் போன்றவை நீங்கலாக மட்டை பிடித்த முறைகள்) 135 ஹிட். சராசரி 0.362, நல்ல எண், ஆனால் அதிசயம் இல்லை. அதே பருவத்தில் அவருக்கு 232 வாக் கிடைத்தது, 9 முறை பந்து உடம்பில் பட்டது. ஹிட், வாக், உடம்பில் பட்டது மூன்றையும் கூட்டினால் 376. கீழே 373, 232, 9 ஆகியவற்றோடு 3 சாக்ரிஃபைஸ் ஃப்ளையையும் (பேட்டர் கேட்ச் ஆனாலும் இன்னொருவர் ஓடி ரன் எடுத்த அடி) சேர்த்தால் 617. வகுத்தால் 0.609. பத்து முறை மட்டை பிடித்தால் ஆறு முறை பேஸில் நிற்கிறார்! அந்த 232-ல் 120, அவரிடம் அடிவாங்குவதைவிட இதுவே மேல் என்று எதிரணி வேண்டுமென்றே கொடுத்தது.

இதற்கு அடுத்து ஸ்லக்கிங். ஒரு பேஸ் அடிக்கு 1, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 3, ஹோம் ரன்னுக்கு 4 என்று கூட்டி, அட்-பேட்டால் வகுப்பது. பேஸை எட்டும் விகிதம், ஸ்லக்கிங் இரண்டையும் அந்தந்தக் காலத்து லீக் சராசரியோடும் மைதானத்தின் தன்மையோடும் ஒப்பிட்டுச் சொல்வது ஓபிஎஸ் பிளஸ். அதில் 100 என்றால் சராசரி ஆள். ரூத்துக்கு வாழ்நாள் எண் 206, டெட் வில்லியம்ஸுக்கு 191, பாண்ட்ஸுக்கு 182. மேஸுக்கு 155-ஐ ஒட்டி. வெவ்வேறு காலத்து பேட்டர்களை ஒப்பிட வேண்டுமென்றால் இந்த எண்ணை எடுங்கள்.

கேள்வி: ஆனால் ‘வார்’ என்ற எண்ணில் ரூத் 180-ஐத் தாண்டி முதலிடத்தில் இருக்கிறாரே? அதில் ஃபீல்டிங்கும் ஓட்டமும் சேர்ந்துதானே இருக்கிறது?

பதில்: சேர்ந்திருக்கிறது. சுலபமாகக் கிடைக்கும் ஒரு மாற்று ஆளைவிட இவர் எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகத் தந்தார் என்பதே வார். பேட்டிங், பேஸ் ஓட்டம், ஃபீல்டிங், ஆடிய இடம், பந்துவீச்சு எல்லாவற்றையும் முதலில் ரன்னாக மாற்றி, ஏறத்தாழ 10 ரன்னுக்கு ஒரு வெற்றி என்று கணக்கிடுவார்கள். ரூத்தின் பந்துவீச்சும் இதில் அடக்கம். 94 வெற்றி, 46 தோல்வி என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

பிசகுவது எங்கே என்றால், பழைய காலத்து ஃபீல்டிங் எண்கள் கேமரா பார்த்து அளந்தவை அல்ல, ஸ்கோர் ஏடுகளிலிருந்து ஊகித்தவை. பந்துவீச்சைப் பொறுத்தவரை பேஸ்பால்-ரெஃபரன்ஸ் என்ற புள்ளிவிவரத் தளம் விட்டுக்கொடுத்த ரன்னைப் பார்க்கிறது. ஃபேன்கிராஃப்ஸ் தளம் ஸ்ட்ரைக் அவுட், வாக், ஹோம் ரன் மூன்றையும் பார்க்கிறது. அதனால் இரண்டும் ஒரே ஆளுக்கு வேறு வேறு எண் சொல்லும். விவாதத்தில் இரண்டு பேர் இரண்டு தளங்களிலிருந்து எண் எடுத்து மோதுவது வீண்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. வார் அந்தந்த லீக்கோடுதான் ஒப்பிடுகிறது. கறுப்பின வீரரான ஜாக்கி ராபின்சன் 1947 ஏப்ரல் 15 அன்று களமிறங்கும்வரை ரூத் ஆடிய மேஜர் லீக்கில் கறுப்பின வீரர்களுக்கு இடம் இல்லை. ரூத் தன் சமகாலத்தவரைவிட எத்தனை மடங்கு உயரம் என்று எண் சொல்லும். அந்தச் சமகாலத்தவர்களில் யார் யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்று சொல்லாது. மேஸ் மோதியது ஹாங்க் ஆரன், ராபர்டோ கிளமென்டே, பாப் கிப்சன் போன்றவர்கள் இருந்த லீக்கில்.

கேள்வி: பந்து மாறியதால்தான் ரூத் அவ்வளவு ஹோம் ரன் அடித்தார் என்பது உண்மையா?

பதில்: முழு உண்மை இல்லை. எச்சில் பூசி வீசுவதற்குத் தடை வந்ததும், அழுக்கான பந்துகளை அடிக்கடி மாற்றத் தொடங்கியதும் 1920-ல். ரூத் அதற்கு முந்தைய 1919-லேயே 29 அடித்து அன்றைய சாதனையை முறியடித்துவிட்டார். 1920-ல் அவர் 54. அமெரிக்கன் லீக்கில் அடுத்த இடத்தில் இருந்த ஜார்ஜ் சிஸ்லர் 19! கிரிக்கெட்டில் பிராட்மனின் 99.94-க்கு ஜோடி தேடுகிறவர்கள் இந்த இடைவெளியைப் பார்த்தால் போதும்.

கேள்வி: பாண்ட்ஸை ஏன் ஒதுக்குகிறீர்கள்? 762 ஹோம் ரன், 7 எம்விபி (பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது)!

பதில்: 500 ஹோம் ரன்னும் 500 திருடிய பேஸும் சேர்ந்த ஒரே ஆள் அவர். 1998 வரை ஆடியதை மட்டும் எடுத்தாலும் ஹால் ஆஃப் ஃபேம் (சாதனையாளர் மண்டபம்) தகுதி உண்டு. ஆனால் மேஸைத் தாண்ட வைப்பவை 2001-ன் 73 ஹோம் ரன்னும் அதன்பின் வந்த பருவங்களும்தான். பால்கோ ஊக்கமருந்து விசாரணையில் அவர் பெயர் சிக்கியதும் அந்தக் காலத்து விவகாரமே. ஹால் ஆஃப் ஃபேமுக்கான பேஸ்பால் எழுத்தாளர்களின் கடைசி வாக்கெடுப்பில், 2022-ல், 66 சதவீதம்தான் கிடைத்தது, தேவை 75. எந்த ஆண்டோடு கோடு போடுவது என்பதில் ஒத்துப்போகாதவரை அவரைப் பற்றிய சண்டை ஓயாது.

கேள்வி: ஷோஹெய் ஒஹ்டானி?

பதில்: ஒரு பருவத்தின் உச்சம் என்று கேட்டால் ஒஹ்டானிதான். 2022-ல் 34 ஹோம் ரன்னும் பிட்சராக 15 வெற்றிகளும்; 2024-ல் பந்தே வீசாமல் 54 ஹோம் ரன், 59 திருட்டு. ரூத் இரண்டு வேலையையும் சேர்த்து முழுமூச்சாகச் செய்தது 1918, 1919 இரண்டு பருவங்களில்தான். ஒஹ்டானிக்கு விதியும் உதவியது: தொடக்க பிட்சர் மேட்டிலிருந்து இறங்கிய பிறகும் டிஎச்சாக (பேட்டிங் மட்டும் செய்யும் ஆளாக) மட்டை பிடிக்கலாம் என்ற மாற்றம் 2022-ல் வந்தது. எதிர்க்கட்சிக்குக் கிடைக்கும் ஒரே ஆதாரம் முழங்கை. 2018, 2023 இரண்டு முறையும் அறுவை சிகிச்சை, ஒவ்வொன்றுக்கும் பின்னால் பந்துவீச்சு நின்றுபோன நீண்ட இடைவெளி. மொத்தச் சாதனையில் மேஸை எட்ட இன்னும் பல பருவங்கள் வேண்டும்.

கேள்வி: ஜோஷ் கிப்சன், சடஹாரு ஓ இருவரையும் யாரும் பேசுவதே இல்லையே?

பதில்: கிப்சனைப் பேசித்தான் ஆக வேண்டும். 2024-ல், கறுப்பின வீரர்கள் தனியாக ஆடிய நீக்ரோ லீக் கணக்குகளை மேஜர் லீக் ஏற்றதும், 0.372 சராசரியோடு, அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபை முந்தினார். அங்கே அதிகாரபூர்வ ஆட்டங்கள் குறைவு என்பதால் மொத்த எண்களை விட்டு விகிதங்களை மட்டும் ஒப்பிடுங்கள். ஓவின் 868 ஹோம் ரன் ஜப்பான் லீக்கில் வந்தவை. உலகச் சாதனை என்று சொல்வதில் தவறில்லை, ஆரனின் 755-ஓடு ஒரே பட்டியலில் வைத்தால்தான் தவறு.